வறுமையை அளந்த மனிதர்கள்

ஏழை என்பவர் யார்? மிகச் சாதாரணமான கேள்விதான். தெருவில் போகிற யாரைக் கேட்டாலும் ஏதாவது ஒரு பதில் கிடைத்துவிடும். ஆனால் இதே கேள்வியை ஓர் அரசாங்கத்திடம் கேட்டால், பதில் சொல்ல அதற்கு ஓர் எண் தேவைப்படுகிறது. இத்தனை ரூபாய்க்குக் கீழே இருப்பவர் ஏழை. அதற்கு மேல் ஒரே ஒரு ரூபாய் இருந்தாலும் அவர் ஏழை இல்லை! கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அரிசி, உதவித்தொகை, மானியக் கடன் எல்லாம் உண்டு. கோட்டைத் தொட்டுக்கொண்டு மேலே நிற்பவருக்கு ஒன்றும் கிடையாது.

இந்தக் கோட்டை முதலில் போட்டவர்கள் யார்? எதற்காகப் போட்டார்கள்? பணம் இல்லாததுதான் வறுமை என்று தொடங்கிய ஆராய்ச்சி, வங்கிக் கணக்கு இல்லாததும் ஒரு வகை வறுமைதான் என்ற இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது? லண்டனில் தொடங்கிப் புதுச்சேரி வரைக்கும் வருகிற இந்தக் கதைக்கு வயது நூற்று முப்பதுக்கும் மேல்.

ஒரு கப்பல் வியாபாரியும் ஏழு வண்ணங்களும்

சார்லஸ் பூத் 1840-ல் லிவர்பூலில் பிறந்தவர். அண்ணனோடு சேர்ந்து நீராவிக் கப்பல் கம்பெனி நடத்தியவர். பேராசிரியர் இல்லை, பட்டமும் இல்லை. கணக்கு வழக்கில் மட்டும் கெட்டிக்காரர். 1880-களில் லண்டனில் வேலையில்லாத் திண்டாட்டமும் ஊர்வலங்களும் கலவரங்களும் நடந்துகொண்டிருந்தன. நகரத்தில் ஏழைகள் எத்தனை பேர் என்பதில் ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். சோஷலிஸ்டுகள் மிகைப்படுத்துகிறார்கள் என்றனர் பணக்காரர்கள். உண்மையில் யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

பூத் எண்ணிப் பார்க்க முடிவு செய்தார். 1886-ல், சொந்தச் செலவில்! வீடு வீடாகப் போவதற்கு ஆள் போதாது என்பதால் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி ஒவ்வொரு தெருவுக்கும் போய்வருகிற கல்வி வாரிய ஊழியர்கள் அப்போது லண்டனில் இருந்தார்கள். எந்த வீட்டில் எத்தனை பேர், அப்பாவுக்கு என்ன வேலை, வாடகை எவ்வளவு என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவர்களை உட்காரவைத்துப் பேசவிட்டு எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகங்களில் எழுதிக்கொண்டார் பூத்தின் குழுவினர். பின்னாளில் பெரும் புகழ் பெற்ற பியட்ரிஸ் வெப் அந்தக் குழுவில் வேலை கற்றுக்கொண்ட ஓர் இளம்பெண்தான்.

கிடைத்த தகவல்களை வைத்து லண்டன் தெருக்களுக்கு ஏழு வண்ணங்களில் ஒரு வரைபடம் தயாரித்தார்கள். மிக வசதியானவர்கள் தெருவுக்கு மஞ்சள். அதற்கடுத்துச் சிவப்பு, இளஞ்சிவப்பு, ஊதா என்று இறங்கி, பரம ஏழைகளுக்குக் கருநீலமும், எல்லோருக்கும் கீழே கறுப்பும் வந்தன. நடுத்தர அளவுள்ள ஒரு குடும்பத்துக்கு வாரம் 18 முதல் 21 ஷில்லிங் என்பது பூத் போட்ட கோடு. லண்டன் மக்களில் 30.7 சதவீதம் பேர் வறுமையில் இருக்கிறார்கள் என்பது அவருடைய விடை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! உலகத்திலேயே பெரிய பேரரசின் தலைநகரத்தில்!

இன்னொரு விஷயமும் அதில் தெரியவந்தது. ஏழைகள் ஏழைகளாக இருப்பதற்குக் குடியும் சோம்பேறித்தனமும்தான் காரணம் என்பது அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. பூத் சுமார் 4,000 குடும்பங்களின் நிலையைக் காரணவாரியாகப் பிரித்துப் பார்த்தார். பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களில் காரணம் வேலை சம்பந்தப்பட்டது. நிரந்தர வேலை இல்லை, அல்லது வேலை இருந்தும் கூலி போதவில்லை. குடி போன்ற பழக்கங்களால் ஏழையானவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால் அதே பூத், கறுப்பு வண்ணம் பூசிய தெருக்களில் வசித்தவர்களைக் கொடியவர்கள், பாதிக் குற்றவாளிகள் என்றே வகைப்படுத்தினார் என்பதையும் மறைக்கக் கூடாது. அவர் கணக்கு அவருடைய காலத்தைத் தாண்டியது. மனது முழுவதுமாகத் தாண்டவில்லை.

வயதானவர்கள் வறுமையில் விழுவதைக் கண்ட பூத், முதியோர் ஓய்வூதியத்துக்காகப் பல வருடங்கள் போராடினார். 1908-ல் சட்டம் வந்தது. 1909 ஜனவரி 1 முதல் 70 வயதான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை, தபால் நிலையத்தில் கொடுக்கப்பட்டது. அரசாங்கப் பணத்தை ஏழையின் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை வங்கிக்குக் கொடுக்காமல் தபால் நிலையத்துக்குக் கொடுத்ததில் ஒரு காரணம் இருக்கிறது. ஏழைகள் வாசல்படி ஏறிய இடம் அதுதான்.

சாக்லேட் கம்பெனியின் மகன்

லண்டன் மோசமான ஊர், மற்ற ஊர்களில் அப்படி இருக்காது என்று சொன்னவர்களுக்குப் பதில் யார்க் நகரிலிருந்து வந்தது. சீபோம் ரவுண்ட்ரீ அங்கே சாக்லேட் தொழிற்சாலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை. 1899-ல் யார்க்கின் தொழிலாளர் குடும்பங்கள் எல்லாவற்றையும் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். 11,560 குடும்பங்கள், 46,754 பேர். 1901-ல் புத்தகம் வந்தது.

பூத் போட்ட கோடு ஓர் உத்தேசம். ரவுண்ட்ரீ அதற்கு அறிவியல் அடிப்படை கொடுக்க நினைத்தார். மனித உடம்பு வேலை செய்ய எத்தனை கலோரி வேண்டும் என்று அப்போதுதான் ஆராய்ச்சிகள் வந்துகொண்டிருந்தன. அதை வைத்து மிக மலிவான உணவுப் பட்டியல் ஒன்று தயாரித்தார். அதில் இறைச்சிக் கடையிலிருந்து வாங்கும் கறியே கிடையாது. ஆதரவற்றோர் விடுதிகளில் போட்ட சாப்பாட்டைவிட மட்டமானது! அதோடு வாடகை, துணி, விளக்கு, விறகு இவற்றின் செலவைச் சேர்த்தார். கணவன், மனைவி, மூன்று குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ். ரயில் டிக்கெட்டுக்கோ, செய்தித்தாளுக்கோ, பிள்ளைக்கு ஒரு பொம்மைக்கோ, வெளியூரில் இருக்கும் மகனுக்குத் தபால் போடுவதற்கோ அதில் ஒரு காசும் இல்லை.

இப்படிக் கஞ்சத்தனமாகப் போட்ட கோட்டுக்கும் கீழே யார்க் மக்களில் 9.91 சதவீதம் பேர் இருந்தார்கள். இதை முதல்நிலை வறுமை என்றார். வருமானம் ஓரளவு இருந்தும் வறுமையில் தவித்தவர்களையும் சேர்த்தால் 27.84 சதவீதம். லண்டனின் 30.7-க்குப் பக்கத்தில்!

ரவுண்ட்ரீ கண்டுபிடித்த இன்னொரு உண்மை, தொழிலாளியின் வாழ்க்கை ஒரு சக்கரம் என்பது. குழந்தையாக இருக்கும்போது வறுமை. சம்பாதிக்கத் தொடங்கியதும் கொஞ்சம் மூச்சு விடலாம். கல்யாணமாகிக் குழந்தைகள் பிறந்ததும் மறுபடியும் வறுமை. பிள்ளைகள் தலையெடுத்ததும் சற்று நிம்மதி. உடம்பு தளர்ந்ததும் திரும்பவும் வறுமை, சாகும் வரை. ஆக, ஒரு குறிப்பிட்ட நாளில் எண்ணினால் கிடைக்கும் ஏழைகளைவிட, வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் ஏழையாக இருந்தவர்கள் பல மடங்கு அதிகம்.

அவர் அந்தக் கோட்டை அவ்வளவு கீழே போட்டது ஒரு வாதத்துக்காக. இவ்வளவு சிக்கனமாக வாழ்ந்தாலும் கூலி போதாது என்பதை மறுக்க முடியாதபடி நிரூபிக்க. ஆனால் நடந்தது என்ன? 1942-ல் பெவரிட்ஜ் அறிக்கை பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தை வகுத்தபோது, உதவித்தொகை எவ்வளவு என்று நிர்ணயிக்க இதே குறைந்தபட்சத் தேவைக் கணக்கு முறைதான் கைகொடுத்தது. அதற்கு ஆலோசனை சொன்னவர்களில் ரவுண்ட்ரீயும் ஒருவர். இதற்குக் கீழே மனிதன் வாழ முடியாது என்று காட்டப் பிறந்த ஒரு முறை, இவ்வளவு கொடுத்தால் போதும் என்று சொல்லவும் பயன்பட்டது. வறுமை ஆராய்ச்சியின் வரலாற்றில் இந்த விபத்து திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

கைதியின் சாப்பாடும் விவசாயியின் சாப்பாடும்

ரவுண்ட்ரீயின் புத்தகம் வந்த அதே 1901-ல் லண்டனில் இன்னொரு வறுமைப் புத்தகமும் வெளிவந்தது. அதை எழுதியவர் ஓர் இந்தியர், தாதாபாய் நௌரோஜி. புத்தகத்தின் மூலக் கணக்கு அதற்கும் கால் நூற்றாண்டு முந்தியது. 1876-ல் பம்பாயில் இந்தியாவின் வறுமை பற்றி அவர் ஒரு கட்டுரை வாசித்தார். அரசாங்கத்தின் சொந்தப் புள்ளிவிவரங்களைக் கொண்டே, ஓர் இந்தியனின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 20 ரூபாய்தான் என்று காட்டினார்.

20 ரூபாய் போதுமா போதாதா என்று எப்படிச் சொல்வது? இங்கேதான் நௌரோஜியின் புத்திசாலித்தனம் வெளிப்படுகிறது. சிறைச்சாலைகளில் கைதிகளுக்குச் சாப்பாட்டுக்கும் துணிக்கும் அரசாங்கம் எவ்வளவு செலவு செய்கிறது என்று கணக்குப் பார்த்தார். அது 20 ரூபாயைத் தாண்டியது! குற்றம் செய்து ஜெயிலுக்குப் போனவனுக்குக் கிடைப்பதுகூட வயலில் உழைக்கிறவனுக்குக் கிடைக்கவில்லை என்பதற்கு அரசாங்கமே சாட்சி. ரவுண்ட்ரீயின் கலோரிக் கணக்குக்கு இருபது வருடங்களுக்கு மேல் முன்னதாக ஓர் இந்தியர் வறுமைக்கு ஓர் அளவுகோல் கண்டுபிடித்துவிட்டார் என்றால் அது மிகையில்லை.

பூத்தும் ரவுண்ட்ரீயும் தங்கள் நாட்டின் மனசாட்சியைத் தட்டி எழுப்ப அளந்தார்கள். நௌரோஜி, தன் நாட்டின் செல்வம் எங்கே போகிறது என்று கேட்பதற்காக அளந்தார்.

ஈமச் சடங்குக்கு வாரம் ஒரு பென்னி

வருமானம் எவ்வளவு என்பது தெரிந்துவிட்டது. அந்த வருமானத்தில் ஒரு குடும்பம் எப்படித்தான் சமாளிக்கிறது? இதைக் கேட்டவர்கள் பெண்கள். 1909 முதல் 1913 வரை லண்டனின் லாம்பெத் பகுதியில் ஃபேபியன் பெண்கள் குழுவினர் குடும்பத் தலைவிகளைத் தொடர்ந்து சந்தித்து, வாரா வாரம் வரவு செலவுக் கணக்கை எழுதிவைக்கச் சொன்னார்கள். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். இந்தக் கணக்குகளைத் தொகுத்து மாட் பெம்பர் ரீவ்ஸ் 1913-ல் ஒரு புத்தகம் எழுதினார்.

இவர்கள் பரம ஏழைகள் இல்லை. கணவனுக்கு வேலை உண்டு. வாரம் 18 முதல் 30 ஷில்லிங் வரை வருமானம். ஆனால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாடகைக்கே போய்விடும். மொத்தமாக வாங்கக் கையில் பணம் இல்லை, வாங்கினாலும் வைக்க இடம் இல்லை. அதனால் நிலக்கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக, அதிக விலைக்கு வாங்கினார்கள். மளிகைக் கடையில் தினசரி பொட்டலமாக எண்ணெயும் பருப்பும் வாங்குகிற குடும்பங்களை நினைத்துப் பார்த்தால் இது புரியும்.

இவற்றுக்கு நடுவில் ஒரு செலவு மட்டும் வாரம் தவறாமல் போனது. குழந்தைகளின் ஈமச் சடங்குக்கான இன்சூரன்ஸ்! ஆளுக்கு வாரம் ஒரு பென்னி. பிள்ளைக்குப் பால் வாங்காமல் அதன் சாவுக்குப் பணம் கட்டுகிறார்களே என்று வசதியானவர்கள் கடிந்துகொண்டார்கள். ஆனால் அந்தத் தெருக்களில் குழந்தைகள் சாவது அபூர்வம் இல்லை. அடக்கம் செய்யப் பணம் இல்லையென்றால் அனாதைப் பிணமாகப் புதைக்கப்படும். அந்த அவமானத்தை எந்தத் தாயும் தாங்கமாட்டாள். கடன் வாங்கி அடக்கம் செய்தால் மிச்சமுள்ள பிள்ளைகள் பல வாரங்கள் பட்டினி. அவர்கள் போட்டது முட்டாள்தனமான கணக்கு இல்லை. அவர்களுக்குக் கிடைத்த ஒரே நிதிச் சேவை அதுதான், அவ்வளவே.

ஏழைகளுக்குச் சேமிக்கத் தெரியாது என்பதை உடைத்த முதல் ஆராய்ச்சிகளில் இது ஒன்று. 2009-ல் வந்த ஓர் ஆய்வு நூலும் இதையே உறுதி செய்தது. வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா மூன்று நாடுகளிலும் 250-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் பணப் புழக்கத்தை ஓராண்டு முழுவதும் நாட்குறிப்பு போலப் பதிவு செய்து எழுதப்பட்ட நூல் அது. மிக ஏழையான குடும்பத்திலும் ஏதோ ஒரு சேமிப்பும் ஏதோ ஒரு கடனும் இருந்தன. பணம் குறைவாக இருப்பவர்களுக்குத்தான் பண நிர்வாகம் அதிகம் தேவைப்படுகிறது!

வறுமை ஒழிந்துவிட்டதா?

ரவுண்ட்ரீ மூன்று முறை யார்க்கை ஆராய்ந்தார். 1950-ல் செய்த மூன்றாவது ஆய்வில் வறுமையில் இருந்தவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. நலத்திட்டங்கள் வென்றுவிட்டன, வறுமை ஒழிந்தது என்று பிரிட்டன் நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதியைக் கெடுத்தவர்கள் பிரையன் ஏபல்-ஸ்மித், பீட்டர் டவுன்செண்ட் என்ற இருவர். அரசாங்கம் சேகரித்து வைத்திருந்த குடும்பச் செலவுக் கணக்குகளையே எடுத்து மறுபடி ஆராய்ந்து, 1965 டிசம்பரில் ஒரு சிறு நூல் வெளியிட்டார்கள். 1960-ல் பிரிட்டனில் 75 லட்சம் பேர், அதாவது 14.2 சதவீதம் பேர், அரசு உதவித்தொகை அளவையும் அதற்குச் சற்று மேற்பட்ட வருமானத்தையும் எல்லையாக வைத்துப் பார்த்தால் வறுமையில் இருந்தார்கள். குழந்தைகளும், வேலை பார்த்துக்கொண்டே வறுமையில் இருந்த குடும்பங்களும் அதில் ஏராளம்.

டவுன்செண்ட் இதோடு நிற்கவில்லை. கலோரியை வைத்து வறுமையை அளப்பதே தவறு என்றார். 1979-ல் வந்த ஆயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்ட நூலில் அவர் சொன்னதன் சாரம் இதுதான். ஒரு சமூகத்தில் எல்லோரும் இயல்பாகச் செய்யும் காரியங்களை ஒருவரால் பணம் இல்லாததால் செய்ய முடியவில்லை என்றால் அவர் ஏழை. நண்பரை வீட்டுக்குச் சாப்பிட அழைப்பது, பிள்ளையின் பிறந்த நாளைக் கொண்டாடுவது, வருடத்தில் ஒரு வாரம் வெளியூர் போய்வருவது என்று ஒரு பட்டியலே போட்டார்.

எதிர்ப்பும் வந்தது. சமைத்த காலை உணவு சாப்பிடாதவரெல்லாம் ஏழையா, பிடிக்காமல்கூடச் சாப்பிடாமல் இருக்கலாமே என்று டேவிட் பியாஷோ கேட்டார். அமர்த்தியா சென் 1983-ல் வேறு ஒரு கோணத்தில் விமர்சித்தார். பட்டினி கிடப்பவனைப் பக்கத்து வீட்டுக்காரனோடு ஒப்பிட்டுத்தான் ஏழை என்று சொல்ல வேண்டுமா? ஊரே பட்டினி கிடந்தால் யாரும் ஏழை இல்லையா? வங்கப் பஞ்சத்தைச் சிறுவனாகக் கண்ணால் பார்த்தவருக்கு இந்தக் கேள்வி எழுந்ததில் வியப்பில்லை. ஆனால் சென் ஒரு சமரசமும் சொன்னார். வெட்கப்படாமல் நாலு பேர் நடுவில் நடமாடும் திறன் எல்லா மனிதர்களுக்கும் பொதுவான தேவை. அதற்கு ஆகும் செலவுதான் இடத்துக்கு இடம் மாறும். ஆடம் ஸ்மித் 1776-லேயே, தன் காலத்துக் கூலித் தொழிலாளி லினன் சட்டை இல்லாமல் வெளியே வர வெட்கப்படுவான் என்று எழுதியதை சென் நினைவுபடுத்தினார். டவுன்செண்ட் 1985-ல் மறுப்பு எழுதினார், சென் பதில் எழுதினார். அந்த விவாதம் வகுப்பறைகளில் இன்னமும் தொடர்கிறது.

கதவுக்கு வெளியே

வறுமை என்பது இல்லாமை மட்டும் இல்லை, வெளியே நிறுத்தப்படுவதும்கூட என்ற எண்ணம் வலுத்தது. 1974-ல் பிரெஞ்சு அதிகாரி ரெனே லெனுவார், பத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் சமூகத்திலிருந்து விலக்கப்பட்டவர் என்று ஒரு நூல் எழுதினார். அவர் கணக்கில் ஊனமுற்றோர், ஆதரவற்ற முதியோர், போதைக்கு அடிமையானோர் எல்லாம் வந்தார்கள். சமூக விலக்கல் என்ற சொல் ஐரோப்பா முழுவதும் பரவியது. 1997-ல் பிரிட்டனில் டோனி பிளேர் அரசு இதற்கென்றே ஒரு தனிப் பிரிவை அமைத்தது. வறுமையில் கேள்வி, உன்னிடம் என்ன இல்லை என்பது. விலக்கலில் கேள்வி, உன்னை யார் உள்ளே விடவில்லை என்பது. இந்த இரண்டாவது கேள்விக்குக் குற்றவாளி ஒருவர் இருந்தாக வேண்டும்!

அமெரிக்காவில் அந்தக் குற்றவாளியின் கைரேகை ஒரு வரைபடத்தில் சிக்கியது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வீட்டுக் கடன்களைக் காப்பாற்ற அங்கே ஓர் அரசு நிறுவனம் உருவானது. அது 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வண்ண வரைபடங்கள் தயாரித்தது. பச்சை என்றால் மிகச் சிறந்த பகுதி. பிறகு நீலம், மஞ்சள். சிவப்பு என்றால் ஆபத்து, கடன் கொடுக்கத் தகாத இடம். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு அநேகமாகச் சிவப்புதான். வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தரும் இன்னொரு அரசு அமைப்பும் இதே கண்ணோட்டத்தோடு நடந்துகொண்டது. கென்னத் ஜாக்சன் என்ற வரலாற்றாசிரியர் இந்த வரைபடங்களை ஆவணக் காப்பகத்திலிருந்து வெளிக்கொண்டு வந்து 1985-ல் எழுதிய நூல் பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியது. இவற்றில் எந்த அமைப்பு அதிகப் பொறுப்பு என்பதில் பிற்கால ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கோடு போட்டு மக்களை ஒதுக்கியதில் வேறுபாடு இல்லை. இந்த ஒதுக்கலுக்கு எதிராகத்தான் 1977-ல், வங்கிகள் தாம் டெபாசிட் வாங்கும் பகுதி முழுவதற்கும் கடன் சேவை தர வேண்டும் என்ற சட்டம் அங்கே வந்தது.

பூத்தின் வரைபடத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் திகைப்பாக இருக்கும். இரண்டும் தெருக்களுக்கு வண்ணம் பூசியவைதான். ஒன்று ஓய்வூதியத்துக்கு வழி செய்தது, மற்றொன்று கடனை மறுக்க வழி செய்தது. எண்ணும் வண்ணமும் நல்லவையும் இல்லை, கெட்டவையும் இல்லை. யார் கையில் இருக்கின்றன என்பதே கேள்வி.

நிதி விலக்கல் என்ற சொல்லை ஆராய்ச்சி உலகில் நிலைநிறுத்தியவர்கள் ஆண்ட்ரூ லேஷன், நைஜல் திரிஃப்ட் என்ற பிரிட்டிஷ் புவியியல் அறிஞர்கள். 1990-களில் வங்கிகள் நஷ்டத்துக்குப் பயந்து லாபமான வாடிக்கையாளர்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஏழைப் பகுதிகளில் கிளைகளை மூடுவதை 1995-ல் விரிவாக எழுதினார்கள். 1999-ல் எலைன் கெம்ப்ஸன், கிளேர் வைலி இருவரும் செய்த ஆய்வில், பிரிட்டனில் 7 சதவீதக் குடும்பங்களுக்கு, அதாவது சுமார் 15 லட்சம் குடும்பங்களுக்கு, வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ், சேமிப்பு எதுவுமே இல்லை என்று தெரிந்தது. கிளை தூரத்தில் இருப்பது மட்டுமே காரணம் இல்லை என்றும் அவர்கள் காட்டினார்கள். நிபந்தனைகள் ஒரு சுவர், கட்டணம் ஒரு சுவர். நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று மனிதர்கள் தாங்களாகவே திரும்பிப் போவதுதான் கண்ணுக்குத் தெரியாத சுவர். இந்த ஆய்வுக்கு நிதி கொடுத்தது ரவுண்ட்ரீயின் தந்தை ஜோசப் தொடங்கிவைத்த அறக்கட்டளை. யார்க் ஆய்வு நடந்து சரியாக நூறு வருடங்கள் கழித்து!

நம் நாட்டுக் கணக்கு

இந்தியாவில் இந்த ஆராய்ச்சியின் மைல்கல் 1951-52-ல் ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு. 75 மாவட்டங்கள், 600 கிராமங்கள், 1,27,343 குடும்பங்கள். கோர்வாலா தலைமையிலான குழுவின் அறிக்கை 1954-ல் வந்தது. விவசாயி வாங்கிய கடனில் அரசாங்கம் கொடுத்தது 3.3 சதவீதம். கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 3.1 சதவீதம். வணிக வங்கிகள் கொடுத்தது 0.9 சதவீதம், ஒரு சதவீதம்கூட இல்லை! வட்டிக்கு விடுபவர்கள் கொடுத்தது சுமார் 70 சதவீதம்.

இந்த அறிக்கை அலமாரியில் தூங்கவில்லை. 1955-ல் இம்பீரியல் வங்கி ஸ்டேட் வங்கியாக மாறி, ஐந்து வருடத்தில் 400 புதிய கிளைகள் திறக்கும் கடமையும் அதற்கு வந்தது. 1969-ல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1977 முதல் 1990 வரை, ஏற்கனவே வங்கி உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால் வங்கியே இல்லாத நான்கு ஊர்களில் கிளை திறக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 1969-க்கும் 1990-க்கும் இடையே இப்படி சுமார் 30,000 கிளைகள் கிராமங்களுக்கு வந்தன. இந்தக் கிளைகள் கிராம வறுமையைக் குறைத்தன என்று ராபின் பர்கெஸ், ரோகிணி பாண்டே இருவரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அவர்களுடைய முறையை மறுப்பவர்களும் உண்டு. வராக்கடன்கள் பெருகியதும் உண்மை. 1990-ல் விதி போனது. அதற்குப் பிறகு கிராமக் கிளைகளின் எண்ணிக்கையும் குறையத் தொடங்கியது.

2005-ல் ரிசர்வ் வங்கி இருப்புத்தொகையே தேவைப்படாத எளிய கணக்குகளைத் தொடங்கும்படி வங்கிகளிடம் கூறியது. அந்தச் சமயத்தில் புதுச்சேரியின் மங்கலம் கிராமம்தான், எல்லாக் குடும்பங்களுக்கும் வங்கிச் சேவை கிடைத்த நாட்டின் முதல் கிராமம் என்று பெயர் பெற்றது. அங்கே அதைச் செய்தது இந்தியன் வங்கி. 2008-ல் ரங்கராஜன் குழு அறிக்கை, 2014 ஆகஸ்ட் 28-ல் ஜன்தன் திட்டம் என்று அது வளர்ந்தது. உலக வங்கியின் கணக்குப்படி 2011-ல் இந்தியப் பெரியவர்களில் 35 சதவீதம் பேரிடம்தான் கணக்கு இருந்தது. 2017-ல் அது 80 சதவீதம். உலகம் வியந்த சாதனைதான், சந்தேகமில்லை.

ஆனால் அதே 2017 அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருந்தது. இந்தியாவில் கணக்கு வைத்திருந்தவர்களில் 48 சதவீதம் பேர் முந்தைய ஒரு வருடத்தில் அந்தக் கணக்கில் பணம் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை!

வறுமைக் கோட்டிலும் பழைய கதை திரும்பியது. தண்டேகர், ரத் இருவரும் 1971-ல் ஒரு நாளைக்கு 2,250 கலோரி என்று கணக்குப் போட்டார்கள். 1979-ல் அரசின் நிபுணர் குழு கிராமத்துக்கு 2,400, நகரத்துக்கு 2,100 என்றது. 2011-ல் திட்டக் கமிஷன் நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னபோது நாடே கொதித்தது. யார்க்கில் 21 ஷில்லிங் 8 பென்ஸுக்கு நேர்ந்த அதே விபத்து!

முடிவாக

கணக்குப் பதிவியலில் ஒரு பேரேட்டில் புதிய கணக்கின் பெயரை எழுதுவது தொடக்கம்தான். பற்றும் வரவும் விழுந்தால்தான் அது கணக்கு. விழாவிட்டால் வெறும் பக்கம். ஏழையின் பெயரில் திறந்த வங்கிக் கணக்கும் அப்படித்தான்.

பூத் ஏழைகள் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டினார். ரவுண்ட்ரீ எவ்வளவு போதவில்லை என்று காட்டினார். லாம்பெத் பெண்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று காட்டினார்கள். டவுன்செண்ட் எதை இழக்கிறார்கள் என்றும், பின்னால் வந்தவர்கள் யார் கதவைச் சாத்தினார்கள் என்றும் காட்டினார்கள். இந்த ஐந்து கேள்விகளில் ஒன்றை விட்டுவிட்டாலும் கணக்கு தப்பாகிவிடும்.

லாம்பெத்தில் வாரம் ஒரு பென்னி கட்டிய தாய்க்கு எந்தப் பேராசிரியரும் சேமிப்பு பற்றிப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. தன் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க நம்பிக்கையான ஓர் இடம்தான் அவளுக்குத் தேவைப்பட்டது. நூறு வருடங்களுக்குப் பிறகும் பலருக்குத் தேவைப்படுவது அதுதான்.